வூலிங் உடம்பு, எம்ஜி பேட்ஜ்: விண்ட்சரை யாராவது உண்மையிலேயே ஓட்டிப் பார்த்தீர்களா?

திருப்பூர் வாசகரின் கேள்வி, 24 அக்டோபர் 2025

எம்ஜி விண்ட்சர் இ.வி. என்று ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். அது சீனாவில் பாவ்ஜுன் யுன்டுவோ, இந்தோனேசியாவில் வூலிங் கிளவுட். பேட்ஜைப் பிடுங்கி வேறு பேட்ஜ் ஒட்டியதுதான் இங்கே நடந்த வேலை. 14 லட்சத்தைச் சீன வண்டியில் போடுவதற்குப் பதில் டாடா நெக்ஸான் இ.வி. வாங்கினால் பணம் நம்மூரிலேயே இருக்கும். கோவை, திருப்பூர் பக்கம் யாராவது ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறீர்களா, இல்லை யூடியூப் பார்த்தா?

24 அக்டோபர், இரவு

இன்னும் ஓட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டப் போகிறேன், ஷோரூமில் நேரம் வாங்கியாச்சு. ஓட்டாமலே பேசக்கூடியதை மட்டும் இப்போது பேசிவிடுகிறேன்.

சீன வண்டியா என்றால் ஆமாம், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? லியூட்சோ நகரத்து வூலிங் செய்த உடம்பு. 2023-ல் சீனாவில் வந்தது, அப்புறம் வலது பக்க ஸ்டியரிங்கோடு இந்தோனேசியாவுக்குப் போனது, 2024 செப்டம்பரில் குஜராத் ஹாலோல் ஆலையில் இருந்து நம் ஊர் ரோட்டுக்கு வந்தது. எம்ஜி என்ற பெயர் மட்டும்தான் ஆக்ஸ்போர்டு. அதையும் 2005-ல் நான்ஜிங் கம்பெனி வாங்கி, நான்ஜிங்கையே பிறகு இன்னொரு சீனக் கம்பெனியான சைக் வாங்கிவிட்டது. இங்கே எம்ஜியின் இந்தியக் கம்பெனிக்குள் 2023 நவம்பரில் நம்மூர் ஜேஎஸ்டபிள்யூ குழுமம் 35 சதவீதத்துக்கு உள்ளே வந்தது, சைக் கையில் 49 என்று பேச்சு. ஆக, கணக்குப்படி பாதிக்குக் கொஞ்சம் மேலே இந்தியா, வண்டிப்படி முழுக்கச் சீனா.

ஆனால் நெக்ஸான் வாங்கினால் பணம் இங்கேயே இருக்கும் என்பதை அப்படியே விட முடியாது. அதன் பேட்டரி பேக்கைக் கட்டிக் கொடுக்கும் டாடா ஆட்டோகாம்ப்புக்கு அந்த வேலையில் கூட்டாளியே சீனத்து கோஷன் கம்பெனிதான். இந்த ஏப்ரலில் சீனா, மோட்டாருக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் ஊர் வண்டிக் கம்பெனிகள் எல்லாம் டெல்லிக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தோமே. மின்சார வண்டியில் சீனாவைத் தொடாத வண்டி வேண்டும் என்றால் சைக்கிள்தான் வாங்க வேண்டும், அதிலும் செயின் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

26 அக்டோபர், மாலை

ஓட்டியாச்சு. கோர்வையாக எழுதப் பொறுமை இல்லை, நினைவுக்கு வருகிறபடி எழுதுகிறேன்.

ஷோரூம் அவிநாசி ரோட்டில். விற்பனைப் பையன் வழக்கம்போல ஒரு குட்டிச் சுற்று வைத்திருந்தான்: கேட்டைத் தாண்டி இடது, அடுத்த யூ-டர்ன், திரும்ப கேட். அதில் ஏசி குளிர்வதற்குள் டெஸ்ட் டிரைவ் முடிந்துவிடும். "தம்பி, 14 லட்சம் கேக்கறீங்க, பத்து கிலோமீட்டர் குடுக்க மாட்டீங்களா?" என்றதும் மேனேஜரைக் கேட்டுவிட்டு வந்தான். நேரே உப்பிலிபாளையம் போய்ப் புது மேம்பாலத்தில் ஏற்றிவிட்டேன். இந்த மாதம் 9-ஆம் தேதி திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம், கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர் சொச்சம். இந்தியாவின் முதல் மின் மோட்டாரை 1937-ல் கோயமுத்தூரில் செய்த மனிதரின் பெயர் வைத்த பாலத்தில் மின்சார வண்டி ஓட்டுவது பொருத்தம்தான். மோட்டார் சீனத்து மோட்டார் என்பதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

வண்டியில் ஸ்டார்ட் பட்டனே கிடையாது. கதவைத் திறந்து உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங் பின்னால் இருக்கும் தண்டை டி-க்குத் தள்ளினால் போகிறது. பின்னால் இருந்த அம்மா, "சாவி எங்க கண்ணு? வண்டி நிக்குதா ஓடுதா?" என்று கேட்டபடியே இருந்தார். வண்டி அதற்குள் நகர்ந்து கேட்டைத் தாண்டியிருந்தது.

136 குதிரை, 200 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் சிக்னலில் பச்சை விழுந்ததும் முதல் ஆளாகப் போக அது தாராளம். இகோ ப்ளஸ், இகோ, நார்மல், ஸ்போர்ட் என்று நான்கு இருக்கின்றன. இகோ ப்ளஸ்ஸில் ஏசி மந்தம், வண்டியும் மந்தம், அதை மறந்துவிடலாம். நார்மலில் பாலத்தின் மேல் 80-ல் போகும்போது டயர் சத்தமும் காற்றுச் சத்தமும்தான் கேட்கின்றன. ஏறும்போது பேட்டரி 71 சதவீதம், இறங்கும்போது 67.

பாலத்துக்குக் கீழே, சர்வீஸ் ரோட்டில், இன்னும் சரிபண்ணாத பள்ளங்களில் விட்டுப் பார்த்தேன். மெதுவாகப் போனால் மெத்தென்று இருக்கிறது. கூர்மையான விளிம்புள்ள பள்ளத்தில் 18 இஞ்ச் சக்கரம் "டொக்" என்று ஒரு தட்டு தட்டுகிறது, அது பின் சீட்டுக்குத்தான் அதிகம் தெரிகிறதாம். 186 மில்லிமீட்டர் தரை இடைவெளி, எங்கள் பக்கத்து ஒட்டக முதுகு வேகத்தடை ஒன்றில் ஐந்து பேரோடு ஏறியும் அடி தட்டவில்லை.

27 அக்டோபர்

நேற்று எழுத விட்டது பின் சீட்டைப் பற்றி. இந்த வண்டியின் கதையே அங்கேதான் இருக்கிறது.

அச்சுக்கு அச்சு 2,700 மில்லிமீட்டர். வண்டியின் மொத்த நீளம் கிரெட்டாவை விடக் கொஞ்சம் குறைவு, ஆனால் அச்சு இடைவெளி கிரெட்டாவை விட 90 மில்லிமீட்டர் அதிகம். நெக்ஸான் இ.வி. 2,498-தான். அந்த வித்தியாசம் முழுவதும் பின் சீட்டு ஆளின் முழங்காலுக்குப் போய்ச் சேர்கிறது. சீட் 135 டிகிரி வரை சாய்கிறது, ஆம்னி பஸ் செமி ஸ்லீப்பரில் ஏறிய மாதிரி.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கார் என்றாலே முன் சீட்டுக்குச் சண்டை போடுகிறவர். நேற்று பின்னால் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுவிட்டார். நடுவில் மேடு இல்லாத தரை, அகலமான சீட். நவ இந்தியா தாண்டுவதற்குள் கண் அசந்துவிட்டார். விற்பனைப் பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு, அவனுடைய வேலையை அம்மா முடித்துவிட்டாரே.

குறை இருக்கிறது. பேட்டரி அடியில் கிடப்பதால் தரை உயரம். காலைத் தொங்கவிட்டு நேராக உட்கார்ந்தால் தொடை சீட்டில் படியாது, முழங்கால் தூக்கி நிற்கும். உயரமான ஆளுக்கு இரண்டு மணி நேரத்தில் தெரியும். அப்புறம் அந்த 135 டிகிரி சாய்வு ஓடும் வண்டியில் வேண்டாம். சாய்ந்தால் பெல்ட் உடம்பை விட்டு விலகிக் கழுத்துப் பக்கம் போகிறது, பிரேக் அடித்தால் ஆள் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போவார். சார்ஜ் போட்டு நிறுத்தியிருக்கும்போது படுத்துக்கொள்ள நல்ல சீட், ஓடும்போது கொஞ்சம் சாய்த்தால் போதும்.

27 அக்டோபர், பிறகு

டிக்கி 604 லிட்டர். கேட்ட பொள்ளாச்சி நண்பருக்கு: இரண்டு தேங்காய் மூட்டை தாராளமாகப் போகும், ஆனால் அதற்காக இந்த வண்டி வாங்காதீர்கள்.

30 அக்டோபர்

"சீனக் கம்பெனி நாளைக்கு மூட்டையைக் கட்டினால் ஸ்பேர் பார்ட்ஸுக்கு எங்கே போவீர்கள்" என்று ஈரோட்டிலிருந்து ஒருவர். நியாயமான பயம். ஆனால் இதில் ஒரு பழைய கதை இருக்கிறது, பலருக்கு ஞாபகமே இல்லை.

2013-ல் செவ்ரோலே என்ஜாய் என்று ஒரு ஏழு சீட்டு வண்டி வந்தது. கால் டாக்ஸிக்காரர்கள் நிறைய பேர் வாங்கினார்கள். என் சித்தப்பா மகன் ஒன்று வைத்து ஏர்போர்ட் டிரிப் ஓட்டினான், 1.3 டீசல். அது அமெரிக்க வண்டி என்றுதான் வாடகைக்கு ஏறிய எல்லோரும் நினைத்தார்கள். அது வூலிங் ஹோங்குவாங். அச்சு அசல் அதேதான், மூக்கில் செவ்ரோலேயின் தங்க நிற போ-டை. செய்த இடம்? ஹாலோல். 2017 முடிவில் செவ்ரோலேயின் முதலாளியான ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது, அந்த ஹாலோல் ஆலையைத்தான் எம்ஜி வாங்கியது, இப்போது அங்கே மறுபடியும் ஒரு வூலிங் உருள்கிறது. ஆக, வூலிங் நம் ஊருக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேலாச்சு, முதல் தடவை அமெரிக்க மாப்பிள்ளையாக வந்தது, இந்தத் தடவை லண்டன் மாப்பிள்ளையாக.

தம்பியின் வண்டி கடைசி வரை ஓடியது, அவன் அதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் கம்பெனி கிளம்புகிறது என்று செய்தி வந்ததும் செகண்ட் ஹேண்ட் விலை இறங்கிய இறக்கம் இருக்கிறதே, அதை அவன் இன்னும் சொல்வான். ஓடும் வண்டி, நல்ல இஞ்சின், ஆனால் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்கில் எவனும் தொடவில்லை. ஈரோட்டுக்காரரின் கேள்வியை நான் இப்படித் திருத்திக்கொள்கிறேன்: ஸ்பேர் கிடைக்குமா என்பதை விட, ஐந்து வருஷம் கழித்து யார் வாங்குவார்கள் என்பதுதான் கேள்வி. இதில் எனக்கும் தைரியம் போதவில்லை. மின்சார வண்டியின் மறுவிற்பனை விலை எந்தக் கம்பெனிக்கும் இன்னும் நிலைக்கு வரவில்லை. நான் எந்த வண்டியையும் டயர் தேயத் தேய வைத்திருக்கிற ஆள் என்பதால் எனக்கு அது பெரிய விஷயமில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு வண்டி மாற்றுகிறவர் யோசிக்க வேண்டும்.

2 நவம்பர்

மறுபடி வாங்கி ஓட்டினேன், இந்தத் தடவை மழையில், எங்கள் வழியில்: மருதமலை ரோடு, லாலி ரோடு, ஆர்.எஸ்.புரம். ஷோரூமில் வேறு பையன், வேறு நிறத்து வண்டி. டெஸ்ட் டிரைவ் என்றால் தினம் போகிற வழியில்தான் போக வேண்டும், மேம்பாலத்தில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

முதல் நாள் சொன்னதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். பின் சீட்டுக்கு ராஜமரியாதை, ஓட்டுகிறவருக்கு அந்த மரியாதை கிடையாது. நடுவில் 15.6 இஞ்சில் ஒரு திரை, ஏசிக்குள் போக வேண்டும் என்றாலும் அதில்தான் தொட வேண்டும். லாலி ரோடு ரவுண்டானா பக்கம் மழை வலுத்தபோது கண்ணாடி உள்ளே புகை மாதிரி மூடிவிட்டது. பழைய வண்டியில் கை தானாகப் போய் ஒரு திருகியைத் திருப்பும், கண் ரோட்டிலேயே இருக்கும். இங்கே திரையைப் பார்த்து, சரியான கட்டத்தைத் தேடி, ஈர விரலால் தொட்டு, அது எடுக்காமல் மறுபடி தொட வேண்டும். எதிரே 1சி பஸ் வந்துகொண்டிருக்கிறது. பழகிவிடும் சார் என்கிறான் பையன். பழகும்தான். பழகுகிற வரைக்கும் பஸ்காரரும் பழக வேண்டுமே.

முன் தூண் வேறு தடிமன். கண்ணாடி நீளமாகச் சரிந்து போவதால் தூணும் முன்னால் போய்விடுகிறது, வளைவில் ஒரு ஸ்கூட்டர் முழுசாக அதற்குள் மறைந்து வெளியே வந்தது. தலையை முன்னே பின்னே ஆட்டிப் பார்த்துத்தான் திரும்ப வேண்டும்.

அகலம் கண்ணாடி இல்லாமல் 1,850. எங்கள் தெருவில் ஒரு பக்கம் சாக்கடைப் பலகை, இன்னொரு பக்கம் பால்காரர் பைக். உள்ளே விட்டுப் பார்த்தேன், போகிறது, ஆனால் வீட்டுக்காரம்மா இறங்கி நின்று "வா வா" சொல்லாமல் போகாது. 360 டிகிரி கேமரா மேல் வேரியன்ட்டில் இருக்கிறது. அது ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன், இப்போது இல்லை.

5 நவம்பர்

கரண்ட் பில். இதை யூடியூப்காரர்கள் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை, "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட்டை ஒட்டி வரும். முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு இரண்டரைக்கும் குறைவு, அதற்கு மேல் இருநூறுக்கு ஐந்துக்குள். 1,300 ரூபாய் சுமாருக்கு முடிந்துவிடும். கார் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்து, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 310 யூனிட். மொத்தம் 730. இங்கேதான் மின்வாரியம் காத்திருக்கிறது. 500-ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறுக்கு இருந்த பாதி விலைச் சலுகை போய்விடும், 500-க்கு மேல் யூனிட் எட்டரை ரூபாய்ப் பக்கம், 600-க்கு மேல் ஒன்பதரைப் பக்கம். பில் 4,100-ஐத் தாண்டும். ஆக, காருக்கு மட்டும் 2,850 ரூபாய் சுமார். யூனிட் ஒன்பது ரூபாய்க்கு மேலே விழுகிறது, கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு.

அப்படியும் பெட்ரோலுக்கு முன்னால் இது ஒன்றுமில்லை. லிட்டர் 101 ரூபாய்க்குப் போட்டு ஊருக்குள் 15 கொடுக்கிற வண்டியில் கிலோமீட்டருக்கு 6.70. மாதம் ஐயாயிரம் மிச்சம். ஆனால் மாடியில் தனி மீட்டர் இருக்கிறவர்கள், எந்த மீட்டரில் சார்ஜரை இழுப்பது என்று முன்னமே யோசியுங்கள். குடியிருக்கிறவர் மீட்டரில் இழுத்துவிடாதீர்கள், அப்புறம் உறவு கெட்டுப்போகும்.

6 நவம்பர்

பேட்டரி வாடகைத் திட்டம் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். வண்டி அறிமுகமானபோது முழு விலை 13.5 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.5 ரூபாய். இப்போது எண்கள் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன, கணக்கு நகரவில்லை.

வித்தியாசம் 3.51 லட்சம். 3.5 ரூபாயால் வகுத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர். ஒரு லட்சம் ஓடியதும் பேட்டரியின் விலையைக் கொடுத்து முடித்திருப்பீர்கள், ஆனால் மீட்டர் நிற்காது. நேற்றைய 1.40-ஐயும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 4.90. பெட்ரோலுக்கும் இதற்கும் இரண்டு ரூபாய் கூட வித்தியாசம் இல்லை. இதற்காகவா மின்சார வண்டி? சில நிதி நிறுவனங்களில் மாதம் 1,500 கிலோமீட்டர் குறைந்தபட்சம், வண்டி ஷெட்டில் நின்றாலும் ஐயாயிரத்துச் சொச்சம் கட்ட வேண்டும். கையில் பணம் குறைவு, ஓட்டம் நிச்சயம் என்பவருக்கு, டாக்ஸி வைத்திருக்கிறவருக்கு, ஒருவேளை சரிப்படும். அம்மாவைக் கண் டாக்டரிடமும் கோவிலுக்கும் கூட்டிப்போகிற எனக்குச் சரிப்படாது.

பத்து லட்சத்துக்குள் கார் என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே அதை யாரும் தானாகப் போட்டுக் காட்டவில்லை, நான்தான் கால்குலேட்டரை எடுத்து மேஜையில் வைத்தேன்.

9 நவம்பர்

ஊட்டிக்குப் போகுமா? எல்லோருக்கும் கடைசியில் இந்தக் கேள்விதான். கோயமுத்தூர்க்காரன் வருஷத்துக்கு எத்தனை தடவை ஊட்டி போகிறான் என்று கேட்டால் பதில் வராது, விருந்தாளி வந்தால் மட்டும்தான் போவான், ஆனால் வண்டி வாங்கும்போது மட்டும் வாரா வாரம் போகிற மாதிரி கேட்பான்.

கணக்கு இதோ. கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர், ஊட்டி 2,240. ஆள், பெட்டி எல்லாம் சேர்த்து வண்டி இரண்டு டன் என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் பத்து யூனிட் வேண்டும். மோட்டாரில் வீணாவது தனி. அது போக 86 கிலோமீட்டர் ஓடுவதற்குப் பதினொன்று, பன்னிரண்டு. 38 யூனிட் பேட்டரியில் 22, 23 காலி. அதாவது நிரப்பிக்கொண்டு கிளம்பினால் ஊட்டியில் 40 சதவீதத்தோடு நிற்பீர்கள். இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் ரீஜெனில், அதாவது மோட்டாரே வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்படி, விட்டால் கொஞ்சம் திரும்பி வரும், மேட்டுப்பாளையம் வரைக்கும் கிட்டத்தட்ட இலவசம். போகும், வரும். தொட்டபெட்டா, பைக்காரா, அவலாஞ்சி என்று சுற்றினால் மேலேயே எங்காவது சார்ஜ் போட வேண்டும். வேகச் சார்ஜரில் இது 45 கிலோவாட் வரைதான் வாங்கும், மற்ற வண்டிகள் போல மளமளவென்று ஏறாது.

காகிதத்தில் 331 கிலோமீட்டர் என்று போட்டிருப்பதை நம்பி யாரும் சென்னைக்குக் கிளம்ப வேண்டாம். ஏசி போட்டு ஊருக்குள் 250-ஐ ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் ஓட்டியபோது சதவீதம் இறங்கிய வேகம் அந்தக் கணக்குக்குத்தான் வருகிறது. வெளியூர் ஓட்டம் அதிகம் என்றால் மே மாதம் வந்த விண்ட்சர் ப்ரோ இருக்கிறது, 52.9 யூனிட் பேட்டரி, 449 கிலோமீட்டர், அறிமுக விலை 17.49 லட்சம். அந்தப் பணத்துக்கு எனக்கு வேறு யோசனைகள் வருகின்றன.

9 நவம்பர், இரவு

வேறு என்ன யோசனை என்று மைத்துனர் போன் பண்ணிக் கேட்கிறார். ஒன்றுமில்லை மச்சான், சும்மா எழுதினேன்.

15 நவம்பர்

திருப்பூர்க்காரர் விடவில்லை: "நட்சத்திரம் எத்தனை? நெக்ஸான் ஐந்து." சரி, அது நெக்ஸானுக்கே. 2024-ல் பாரத் என்கேப் என்ற மோதல் சோதனையில் நெக்ஸான் இ.வி. ஐந்து நட்சத்திரம் வாங்கியது, விண்ட்சரின் எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக் இருக்கிறது என்று சொல்லி அதை ஈடுகட்ட நான் முயலப் போவதில்லை. ஹைவேயில் தினம் திருப்பூர்–கோவை போய் வருகிற ஆள் நீங்கள், நெக்ஸான் எடுங்கள். ஸ்டியரிங் கனமும் வேகத்தில் நிற்கிற நிதானமும் அதில்தான் நன்றாக இருக்கிறது. நானும் ஓட்டினேன். பின் சீட்டில் அம்மாவை உட்கார வைத்தேன், காலை மேலே தூக்க இடம் தேடிவிட்டு, "இது உனக்கு நல்லாருக்கும் கண்ணு" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம்.

இன்னொன்று. செப்டம்பர் 22-லிருந்து சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18-க்கு இறங்கிவிட்டது, மின்சார வண்டிக்கு முன்பும் 5, இப்போதும் 5. ஆகவே பெட்ரோல் நெக்ஸான் மாதிரி வண்டிகள் எல்லாம் சட்டென்று மலிவாகிவிட்டன. போன வருஷம் இரண்டுக்கும் இருந்த விலை இடைவெளியை வைத்துப் போட்ட கணக்கை எல்லாம் தூக்கிப் போடுங்கள். மாதம் 500 கிலோமீட்டர்கூட ஓடாதவர் பெட்ரோலே வாங்கலாம்.

23 நவம்பர்

இப்போது உண்மையான தலைவலி. தமிழ்நாட்டில் மின்சார வண்டிக்கு நூறு சதவீத சாலை வரி விலக்கு 2025 டிசம்பர் 31 வரை என்று அரசு ஆணை. நீட்டிப்பார்கள் என்கிறார்கள் சிலர், மாட்டார்கள் என்கிறான் விற்பனைப் பையன், அவன் வேறு என்ன சொல்வான். நீட்டிக்காவிட்டால் 10 முதல் 20 லட்சம் வரை உள்ள காருக்கு 18 சதவீதம், 14 லட்சத்துக்கு இரண்டரை லட்சம். மேலே எழுதிய யூனிட் கணக்கெல்லாம் இதற்கு முன்னால் சில்லறை.

அப்படியானால் டிசம்பர் கடைசியில் எடுக்கலாமே என்றால், 16-ஆம் தேதி மார்கழி பிறக்கிறது. மார்கழியில் புது வண்டி வீட்டுக்கு வரக்கூடாது என்பதில் அம்மா உறுதி. "அரசாங்கம் தையில வரி போட்டா போடட்டும், மார்கழில வண்டி வேண்டாம்" என்கிறார். வரி அவர் கட்டப் போவதில்லை என்பது வேறு விஷயம். விற்பனைப் பையனிடம் இதைச் சொன்னேன், அவன் சிரிக்கவே இல்லை. எல்லார் வீட்டிலும் இதே பேச்சாம், 15-ஆம் தேதிக்குள் டெலிவரி கேட்டு வரிசை நிற்கிறதாம். பிறகு நம்பர் பதிவு மட்டும் முதலில் முடித்துவிட்டு வண்டியைத் தையில் எடுக்கலாம் என்று அவனே ஒரு வழி சொன்னான். அம்மாவிடம் கேட்டேன். பேரில் எழுதினாலே வந்த மாதிரிதான் என்று தீர்ப்பு.

7 டிசம்பர்

புக் பண்ணியாச்சு. சின்ன பேட்டரி, முழு விலை, பேங்க் லோன், வாடகைத் திட்டம் இல்லை. 360 கேமரா உள்ள மேல் வேரியன்ட். அதோடு கண்ணாடிக் கூரையும் வந்து சேர்கிறது, அது திறக்காது, சித்திரை வெயிலில் அதற்குக் கீழே யார் உட்காருவது என்று தெரியவில்லை, திரைச்சீலை மூடித்தான் ஓட்டப் போகிறோம். இந்த வாரம், கார்த்திகைக்குள், வண்டி கைக்கு வருகிறது. பழைய டீசல் வண்டியை விற்கவில்லை, ஊட்டிக்கும் சென்னைக்கும் அது இருக்கிறது. ஒரே வண்டி மட்டும் வைத்திருக்கிற வீடாக இருந்தால் நான் இதை எடுத்திருப்பேனா என்று கேட்டால், இல்லை.

இனி ஒரு சந்தேகம், பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் மூன்று பேஸ் இணைப்பு, 7.4 கிலோவாட் சார்ஜர் ஒரே பேஸில்தான் இழுக்கும். மெயின் போர்டிலிருந்து போர்ட்டிகோ வரை 18 மீட்டர். எலக்ட்ரீஷியன் 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயர் போதும் என்கிறார், என்ஜாய் ஓட்டிய தம்பி 10 போடுங்கண்ணா என்கிறான். எர்த்துக்குத் தனிக் குழி தோண்டச் சொல்கிறார்கள், தோண்டச் சொன்ன இடத்தில் அம்மாவின் கருவேப்பிலை மரம் நிற்கிறது. சார்ஜர் போட்டவர்கள் என்ன வயர் போட்டீர்கள், லோடு கூட்ட வாரியத்தில் எழுதிக்கொடுத்து எத்தனை நாளில் நடந்தது?